முடிசூடும் பெருமாளும் நம்ம வீட்டு ஆரவ்வும்

இங்கே நம்ம ஆளுங்க யார் வீட்டிலயாவது வளைகாப்பு முடிஞ்சா, அடுத்த வாரமே எனக்கு ஒரு மடல் வந்துடும். "நல்ல பேரா நாலு சொல்லுங்க." கூடவே நிபந்தனைப் பட்டியல். ஆறு எழுத்துக்கு மேல போகக்கூடாது. வெள்ளைக்காரன் வாயில நுழையணும். ஆனா இந்துப் பேரா இருக்கணும். நட்சத்திர எழுத்துல ஆரம்பிக்கணும். கூட்டுத்தொகை ஐந்தோ ஆறோ வரணும். தெரிஞ்சவங்க யாரும் வெச்சிருக்கக்கூடாது. கடைசியா ஒண்ணு: "ஆன்மிக அர்த்தம் இருந்தா ரொம்ப நல்லது."

இத்தனை நிபந்தனை போடுறவங்க, அந்தப் பேரைப் பிள்ளையோட பாட்டி வாய்விட்டுக் கூப்பிட முடியுமான்னு மட்டும் கேக்கிறதே இல்லை.

நான் பிறந்தது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவுல ஒரு கிராமம். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம், சந்தையில ரெண்டும். பேருக்கும் சாமிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்னு அந்த மண்ணுல பிறந்தவனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அதனாலதான் இந்த "ஆன்மிக அர்த்தம்"ங்கிற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குச் சுருக்குன்னு இருக்கு. ஒரு பேருக்கு ஆன்மிக அர்த்தம் எங்கிருந்து வருது? அகராதியிலிருந்தா? எண்ணிலிருந்தா? எங்க ஊர்ப்பக்கம் நடந்ததை வெச்சுப் பேசுவோம்.

முதல்ல இந்தப் பட்டியல்களோட லட்சணத்தைப் பார்த்துடலாம்.

ஆரவ். இப்ப பத்து வீட்டுக்கு ஒரு வீட்டுல இந்தப் பேர்தான்னு தோணுது. பட்டியல்ல அர்த்தம் என்ன போட்டிருக்கு? "அமைதியானவன்." சமஸ்கிருத அகராதியைத் திறந்து பாருங்க. ஆரவம்னா ஓசை, கூச்சல், அலறல். இதுக்கு அகராதிகூட வேண்டாம். 'ஆரவாரம்'ங்கிற வார்த்தை தெரிஞ்ச தமிழனுக்குக் காதே சொல்லிடும். பிள்ளைக்குக் கூச்சல்னு பேர் வெக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டா பொருத்தமான பேர்தான். ஆனா கூச்சலை அமைதின்னு எழுதி வெச்சுட்டு, அதுதான் நம்ம பாரம்பரியம்னு சொன்னா எப்படி?

அடுத்து எண்கணிதம். நம்ம ஊர் ஜோசியர்கள் பெரும்பாலும் கையில வெச்சிருக்கிற எண் வரிசையை உலகம் முழுக்கப் பரப்பினவர் கீரோங்கிற அயர்லாந்துக்காரர் (1866–1936). கணக்குப் போடுறது இங்கிலீஷ் எழுத்துக்கு. 'லதா'ன்னு ஒரு பேர் எடுத்துக்கோங்க. வடக்கே 'த'வுக்கு வெறும் 'டி' போடுவாங்க. கூட்டினா 9. தெற்கே நாம அதோட ஒரு 'எச்' சேர்ப்போம். கூட்டினா 14, அதாவது 5. அதே பேர், அதே பொண்ணு, கூப்பிடுற குரலும் அதே. மும்பையில ஒரு கிரகம், மதுரையில வேற கிரகம். பாஸ்போர்ட் ஆபீஸ்ல தட்டச்சு பண்றவர் ஒரு எழுத்தை விட்டா உங்க பிள்ளையோட தலைவிதி மாறிடுமா? யோசிச்சுப் பாருங்க.

நட்சத்திர எழுத்து அதுக்கு மேல. திருவாதிரை மூன்றாம் பாதத்துல பிறந்த பிள்ளைக்குப் பஞ்சாங்கம் கொடுக்கிற எழுத்து 'ங'. சிவனோட நட்சத்திரம். 'ங'வுல ஆரம்பிக்கிற ஒரு பேரைச் சொல்லுங்க, நான் இந்தக் கட்டுரையையே வாபஸ் வாங்கிக்கறேன். நட்சத்திரப் பேர் சடங்குக்குன்னு தனியா வெக்கிற வழக்கமும் கூப்பிடுற பேர் வேறயா இருக்கிற வழக்கமும் முன்னாடி உண்டு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, பாஸ்போர்ட்ல ஏத்துறது நம்ம காலத்துப் புதுமை.

"அப்படிச் சொல்லாதீங்க, சாஸ்திரத்துல பேர் வெக்கிறதுக்கு விதி இருக்கு"ன்னு சிலர் வருவாங்க. இருக்கு. நல்லாவே இருக்கு. முழுசாப் படிங்கன்னுதான் நானும் சொல்றேன்.

ஆண்பிள்ளைக்கு இரட்டைப்படையிலயும் பெண்பிள்ளைக்கு ஒற்றைப்படையிலயும் அசை இருக்கணும்னு கிருஹ்ய சூத்திரங்கள் சொல்லுது. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் 30-லிருந்து 33 வரைக்கும் பேர் சமாசாரம்தான். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ பேர் வெக்கணும். பெண்பிள்ளையோட பேர் சொல்ல எளிதா, காதுக்கு இனிமையா, மங்கலமா இருக்கணும். இதுவரைக்கும் எடுத்துப் போடுவாங்க. நடுவுல இருக்கிற 31-ஐ மட்டும் சத்தமில்லாம விட்டுடுவாங்க. பிராமணன் பேர் மங்கலத்தைக் காட்டணும், சத்திரியன் பேர் பலத்தை, வைசியன் பேர் செல்வத்தை. சூத்திரன் பேர்? இழிவைக் காட்டணும். அடுத்த சுலோகத்துல இன்னும் ஒரு படி. சூத்திரனோட பேரில சேர்க்கிற இரண்டாவது சொல் ஊழியத்தைக் குறிக்கணும்.

வாசகர்களே, இதை எழுதின மொழியில படிச்சவங்க எங்க ஊர்ல எத்தனை பேர் இருந்தாங்களோ தெரியாது. ஆனா அது சொன்னபடி வாழ்ந்தவங்க நிறைய.

திருவிதாங்கூரைத் தர்மபூமின்னு சொல்லிக்குவாங்க. தென்திருவிதாங்கூர்ல வேலை பார்த்த சாமுவேல் மேட்டீர்ங்கிற லண்டன் மிஷன் பாதிரியார் அதே அர்த்தம் வர்ற தலைப்புல 1871-ல ஒரு புத்தகம் போட்டார். அடிமைச் சாதிக்காரங்க மேல்சாதிக்காரங்க முன்னாடி எப்படிப் பேசணும்னு அதுல எழுதியிருக்கார். 'நான்'னு சொல்லக்கூடாது, 'அடியேன்'. என் சோறுன்னு சொல்லக்கூடாது, கரிக்காடி, அதாவது அழுக்குக் கஞ்சி. என் பிள்ளைங்கன்னு சொல்லக்கூடாது, குரங்குன்னோ கன்னுன்னோ சொல்லணும். பெத்த பிள்ளையைப் பிள்ளைன்னு சொல்ல அனுமதி இல்லாத இடத்துல, அந்தப் பிள்ளைக்குப் பெருமாள் பேர் வெக்க விடுவாங்களா?

விடல. அதுக்குச் சாட்சியா ஒரு பேர் நிக்குது.

அப்ப களியக்காவிளையில எல்லைக்கோடு கிடையாது. நெய்யாற்றின்கரையும் நாகர்கோவிலும் ஒரே ராஜ்ஜியம். 1809-ல, இன்னைக்குச் சாமித்தோப்புன்னு நாம சொல்ற ஊர்ல, பொன்னுமாடன்–வெயிலாள்ங்கிற ஏழைத் தம்பதிக்கு ஒரு பையன் பிறந்தான். ஆசையா 'முடிசூடும் பெருமாள்'னு பேர் வெச்சாங்க. திருமாலோட பேர், அதுவும் கிரீடம் வெச்ச திருமால். சாணார் வீட்டுப் பிள்ளைக்கு முடியா, பெருமாளான்னு மேல்சாதிக்காரங்க எதிர்த்தாங்க. பேரை மாத்தச் சொன்னாங்க. மாத்த வேண்டியதாப் போச்சு. முடிசூடும் பெருமாள் 'முத்துக்குட்டி' ஆனார்.

இதுதான் எங்க பக்கத்துப் 'பெயர் சூட்டு விழா'. சூட்டினது பெத்தவங்க. பிடுங்கினது ஊர்.

முத்துக்குட்டி நல்ல பேர்தான். முத்தும் குட்டியும் கொஞ்சல் வார்த்தைகள். ஆனா கொஞ்சுறதுக்கு ஒரு பேரைத் தாய் வெக்கிறதும், 'உனக்கு இதுதான் தகுதி'ன்னு இன்னொருத்தன் வெக்க வெக்கிறதும் ஒண்ணா? எழுத்து அதேதான். அர்த்தம் வேற. பேரோட அர்த்தம் எழுத்துல இல்லைன்னு நான் சொல்றது இதனாலதான்.

அந்த முத்துக்குட்டி 1833-ல திருச்செந்தூர்க் கடலுக்குள்ள போய் வைகுண்டரா வெளியே வந்தார்னு அய்யாவழிக்காரங்க நம்பிக்கை. அதுக்கப்புறம் அவருக்கு யாரும் பேர் வெக்கத் துணியல. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துல திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புல அடைச்சு வெச்சாங்க. வெளியே வந்தார். தன்கிட்ட வந்த ஜனங்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். முட்டிக்குக் கீழே வேட்டியை இறக்கிக் கட்டவும், தலையில துணி கட்டவும் உரிமை இல்லாத ஜனங்க அவங்க. இன்னைக்கும் சாமித்தோப்புப் பதிக்குள்ள போற ஆம்பளைங்க தலைப்பாகை கட்டிக்கிட்டுத்தான் போகணும். உள்ளே கும்பிடுறதுக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடியில தெரியறது யாரு? முடி சூடின நீங்கதான். ஒரு குழந்தைகிட்ட இருந்து பிடுங்கின பேரு, அங்கே போற ஒவ்வொருத்தன் தலையிலயும் ஏறி உக்காந்துக்கிச்சு.

இப்ப சொல்லுங்க. 'முடிசூடும் பெருமாள்'ங்கிற பேருக்கு 'கிரீடம் அணிந்த விஷ்ணு'ன்னு பட்டியல்ல ஒரு வரி போட்டா அர்த்தம் முடிஞ்சுதா?

*

அப்ப இந்து மரபுல பேருக்கு ஆன்மிகம்னு ஒண்ணு இல்லவே இல்லையா? இருக்கு. ரொம்ப அழகாவே இருக்கு. அதை நாம கவனிக்கிறதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பெரியாழ்வார், பிள்ளைக்குப் பேர் வெக்கிறதைப் பத்தியே ஒரு பதிகம் பாடியிருக்கார். நாரணன் பேரைப் பிள்ளைக்கு வெச்ச தாய் நரகத்துக்குப் போகமாட்டாங்கிறதுதான் அதோட பல்லவி மாதிரி. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுப் பணக்காரன் பேரைப் பிள்ளைக்கு வெக்கிறவங்களை அதுல ஒரு பிடி பிடிக்கிறார். எந்தச் சாதித் தாய்க்கு இந்தச் சலுகைன்னு அவர் பிரிக்கல. மனு போட்ட நாலு வரிசை அங்கே கிடையாது. ஒரே பேர், எல்லா வீட்டுக்கும்.

பாகவதம் ஆறாவது ஸ்கந்தத்துல அஜாமிளன் கதை வருது. கெட்டழிஞ்ச மனுஷன். பத்துப் பிள்ளைங்க, கடைக்குட்டி பேர் நாராயணன். சாகப்போற நேரத்துல எமதூதனைப் பார்த்துப் பயந்து மகனைக் கூப்பிடுறான். சாமியை இல்லை, மகனை! அதுக்கே விஷ்ணுதூதர்கள் ஓடி வந்துடுறாங்க. இதைவிடத் தெளிவா ஒரு மரபு எப்படிச் சொல்லும்? பேரோட புண்ணியம் அதோட அர்த்தத்துல இல்லை, கூப்பிடுறதுல இருக்கு. தினமும் நூறு தடவை "எலே, வா, சாப்பிடு, ஓடாதே"ன்னு அந்தப் பேரைச் சொல்றதுல இருக்கு. சொல்லிச் சொல்லி வாய் பழகணும். அதுக்குத்தான் சாமி பேர்.

அப்படி ஒரு நாராயணன் எங்க பக்கத்துல நடமாடினார். செம்பழந்தியில ஈழவர் வீட்டுல பிறந்த பிள்ளை. வீட்டுல நாணுன்னு கூப்பிட்டாங்க. நாராயணன்ங்கிற பேரோட செல்லச் சுருக்கம். ஸ்ரீநாராயணகுருன்னு பின்னால உலகம் சொன்னது அவரைத்தான். எல்லைப்புறத்துச் சாமியார் இல்லையா, தமிழ்லயும் பாட்டு எழுதினார், மருத்துவாமலையில தவம் இருந்தார். 1888 சிவராத்திரி அன்னைக்கு, நெய்யாற்றின்கரைப் பக்கம் அருவிப்புறத்துல, நெய்யாற்றுக்குள்ள இருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாப் பிரதிஷ்டை பண்ணினார். நீ எப்படிப் பிரதிஷ்டை பண்ணலாம்னு கேட்டவங்களுக்கு, இது ஈழவச் சிவன்னு பதில் சொன்னதா எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாதிபேதம் மதத்துவேஷம் இல்லாம எல்லாரும் சகோதரங்களா வாழ்ற இடம்ங்கிற கருத்தை அங்கேயே எழுதியும் வெச்சார். 1903-ல உருவான எஸ்.என்.டி.பி. யோகத்துக்கு வேர் அந்தக் கோயில் சங்கம்தான்.

நாராயணன் பேர் வெச்ச பிள்ளை சிவனைக் கொண்டுவந்து வெச்சார். அந்தப் பேருக்கு அவர் கொடுத்த அர்த்தம் அது.

இன்னொண்ணையும் கவனிக்கணும். நெய்யாற்றின்கரையில மார்த்தாண்ட வர்மா கட்டின கிருஷ்ணன் கோயில் இருக்கு. எதிரிகள்கிட்ட இருந்து தப்பிக்க அவர் ஒளிஞ்சிருந்ததாச் சொல்ற அம்மச்சிப் பிலாவும் அங்கேதான். கையில வெண்ணெயோட நிக்கிற கண்ணன். 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரம் போடுற வரைக்கும், அந்தக் கோயிலைச் சுத்தி இருந்த குடிசைகள்ல கிருஷ்ணன்னு பேர் வெச்ச பிள்ளை உள்ளே போய்க் கிருஷ்ணனைப் பார்க்க முடியாது. சாமி பேர் வீட்டுக்குள்ள இருந்துச்சு. சாமி இருந்த இடத்துக்குள்ள பிள்ளை போக முடியல. அந்தக் காலத்துல தன் பிள்ளையைக் "கிருஷ்ணா"ன்னு வாசல்ல நின்னு சத்தமாக் கூப்பிட்ட ஒரு தாய்க்கு, அந்தப் பேரோட ஆன்மிக அர்த்தத்தை எந்தப் பட்டியல் சொல்லிக் கொடுக்கணும்?

பேருக்கு அர்த்தம் பேர் சுமக்கிறவங்களாலயும் வரும். ரெண்டு பொம்பளைங்க பேரைச் சொல்றேன். ரெண்டும் எங்க பக்கத்துப் பேர்கள்.

பஞ்சமி. பட்டியல்ல பார்த்தா, வளர்பிறை தேய்பிறையில ஐந்தாம் திதி, வாராகிக்கு உகந்த நாள். சரி. எங்க பக்கம் பஞ்சமின்னா வேற. வெங்ஙானூர் அய்யன்காளி, 1910-களில், பஞ்சமிங்கிற புலையச் சிறுமியைக் கையைப் பிடிச்சு ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தையே கொளுத்தினாங்க. இன்னைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தோட பேர்ல அய்யன்காளியோட பஞ்சமியும் இருக்கா. திதியைத் தெரிஞ்சவனுக்குப் பஞ்சமி ஒரு நாள். ஊருட்டம்பலத்தைத் தெரிஞ்சவனுக்குப் பஞ்சமி ஒரு பெஞ்சு. அதுல உக்காந்ததுக்காக எரிஞ்ச பெஞ்சு.

பொன்னம்மாள். இப்ப யாரும் வெக்கமாட்டாங்க, 'பழைய பேர்'. பாறசாலை பி. பொன்னம்மாள் 1924-ல பிறந்தவங்க. சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில முதல் மாணவி. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துல பெண்கள் பாடக்கூடாதுங்கிற பழைய வழக்கத்தை உடைச்சு 2006-ல பாடினப்ப அவங்களுக்கு எண்பது தாண்டியாச்சு. 2017-ல பத்மஸ்ரீ. 2021-ல மறைஞ்சாங்க. ஊர்ப் பேரையும் பாட்டி காலத்துப் பேரையும் சேர்த்துச் சொன்னாத்தான் அவங்களை உலகம் அடையாளம் கண்டுக்குது. எந்த எண்கணிதக்காரரும் அதுல ஒரு எழுத்தைக் கூட்டல, குறைக்கல.

*

"அதுக்கு என் பொண்ணுக்கு இசக்கின்னு பேர் வெக்கச் சொல்றீங்களா?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும்னு தெரியும். வெச்சாத்தான் என்ன? முப்பந்தல் இசக்கி யாருன்னு தெரியுமா? ஏமாத்திக் கொன்னவனை விடாமத் துரத்தி வந்து கணக்குத் தீர்த்த பெண் தெய்வம். இயக்கிங்கிற சொல்தான் இசக்கி. வடமொழியில யக்ஷி. வேடிக்கை என்னன்னா, 'இசக்கி'ன்னா முகம் சுளிக்கிற அதே வீட்டுல 'யக்ஷிதா'ன்னு வெச்சுட்டுப் புதுமையான பேர்னு சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிறாங்க. அதே அம்மாதான், வேற சேலை கட்டி வந்திருக்கா. அவ்வளவுதான்.

மாடன், சுடலை, பிச்சை, குப்பன் எல்லாம் இழிவான பேர்னு ஒரு எண்ணம். பிச்சைக்கும் குப்பனுக்கும் வேற கதை இருக்கு. பெத்த பிள்ளையெல்லாம் செத்துப்போன தாய், அடுத்ததாவது தங்கட்டும்னு, எமனுக்கு இது வேண்டாத பொருள்னு தோணட்டும்னு, குப்பையில ஒரு தடவை போட்டு எடுத்து, தவிட்டுக்கு வித்து வாங்கி வெச்ச பேர் அது. தடுப்பூசி இல்லாத காலத்துத் தடுப்பூசி. அதைவிட அன்பான பேர் எந்தப் பட்டியல்ல இருக்கு? மனு சொன்ன இழிவும் இதுவும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே ஒண்ணு சவுக்கு, இன்னொண்ணு தொட்டில்.

நான் எல்லாரும் இசக்கின்னும் சுடலைன்னும் வெக்கணும்னு சட்டம் போடல. தனித்தமிழ்ல மட்டும் வெக்கணும்னும் சொல்லல. நாராயணனும் கிருஷ்ணனும் வடமொழிதான், எங்க ஜனங்க அடி வாங்கி வாங்கின பேர்கள், விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. தாத்தா பாட்டி பேரை வெட்கப்பட்டு ஒதுக்கிட்டு, யாரோ பொய் அர்த்தம் எழுதின ஒரு சத்தத்தை வாங்கி, அதுக்கு ஆன்மிகம்னு பேர் வெக்காதீங்க.

"வெளிநாட்டுல உச்சரிக்க முடியாதே, பிள்ளை பள்ளிக்கூடத்துல கஷ்டப்படுமே." நியாயமான கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனா ஷ்வார்ஸ்னேக்கர்னு ஒருத்தரை 2003-லிருந்து 2011 வரைக்கும் கலிபோர்னியாவுக்கே கவர்னரா வெச்சிருந்த ஜனங்க இவங்க. செய்காவ்ஸ்கின்னு சொல்லப் பழகின நாக்குக்கு முருகன் கஷ்டமா? மூணு தடவை சொல்லிக் கொடுத்தா நாலாவது தடவை சரியாச் சொல்வாங்க. நாமதான் முதல் தடவையே "பரவால்ல, மைக்னு கூப்பிடுங்க"ன்னு விட்டுக்கொடுக்கிறோம்.

பேரை விட்டுக்கொடுக்கச் சொல்லித் துப்பாக்கி முனையில நிறுத்தின ஊர்களும் இருக்கு. பல்கேரியாவுல 1984–85 குளிர்காலத்துல, அங்கே இருந்த துருக்கியர்கள் பேரையெல்லாம் அரசாங்கமே பல்கேரியப் பேரா மாத்திச்சு. போலீஸ் வந்து படிவத்துல கையெழுத்து வாங்கிச்சு. எதிர்த்தவங்க செத்தாங்க, சிறைக்குப் போனாங்க. அந்த ஆட்சி விழுந்த பிறகு 1990-ல பழைய பேரைத் திரும்ப எடுத்துக்கச் சட்டம் வந்துச்சு. வரிசையில நின்னு தங்க அப்பன் வெச்ச பேரை வாங்கிட்டுப் போனாங்க. நம்மகிட்ட யாரும் துப்பாக்கி காட்டல. நாமளாவே கொடுத்துட்டு வந்துடுறோம்.

இன்னொரு வேடிக்கை. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். எங்க ஊர்ல அதுலயும் ஒரு கூத்து. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இனிஷியல் பேருக்கு முன்னாடி, பாறசாலைப் பள்ளிக்கூடப் பதிவேட்டுல பேருக்குப் பின்னாடி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும்னு பிரிச்சப்ப, செல்லப்பனும் தங்கப்பனும் பொன்னையனும் ரெண்டு பக்கமும் இருந்தாங்க. பேர் மாறல. ஒரு எழுத்து மட்டும் முன்னாடியிருந்து பின்னாடி குதிச்சுது. அமெரிக்கா வந்தப்ப அந்த எழுத்தை விரிச்சு எழுதச் சொன்னாங்க. குடும்பப் பேர் இல்லாத பாஸ்போர்ட்டோட வந்தவங்களுக்கு விசாவுல 'எஃப்என்யு'ன்னு அச்சடிச்சு வந்துச்சு, 'முதல் பேர் தெரியாது'ன்னு அர்த்தம். அந்தத் தொல்லைக்குப் பயந்து அப்பா பேரையே குடும்பப் பேரா எழுதிட்டோம்.

விளைவு? உங்க பையன் ஆரவ் செல்லப்பன். அவன் பிள்ளையும் ஏதோ ஒரு செல்லப்பன். எந்தப் பேர் பட்டிக்காட்டுத்தனமா இருக்குன்னு முன்னாடி வெக்கலையோ, அது பின்னாடி உக்காந்துக்கிட்டு நாலு தலைமுறைக்கு வரப்போகுது. பல் டாக்டர் வரவேற்பறையில "மிஸ்டர் செல்லப்பன்"னு கூப்பிடுறப்ப ஊர்ல என்னைக்கோ போய்ச் சேர்ந்த செல்லப்பன் திரும்பிப் பார்ப்பார்.

கடைசியா, சடங்கைப் பத்தி. எங்க பக்கம் இருபத்தெட்டாம் நாள் கெட்டு. பிள்ளை இடுப்புல கறுப்பு நூலும் அரைஞாணும் கட்டுவாங்க. ஒரு காதை வெத்திலையால மூடி, வலது காதுல மூணு தடவை பேரைச் சொல்லுவாங்க. எல்லை தாண்டி ரெண்டு பக்கமும் இப்படித்தான். எழுதிக் காட்டுறதில்லை, எண்ணிப் பார்க்கிறதில்லை. வீட்டுல மூத்தவங்க வாயில இருந்து பிள்ளை காதுக்கு நேரா, வேற யாருக்கும் கேக்காத சத்தத்துல. அந்தச் சடங்கோட மொத்த ஆன்மிகமும் அந்த ஒரு சாண் தூரத்துல இருக்கு.

இப்ப எங்க சொந்தத்துலயே ஒரு அம்மச்சி இருக்காங்க. பேரனோட பேர் அவங்க வாயில நிக்கமாட்டேங்குது. மூணு மெய்யெழுத்து சேர்ந்து வர்ற பேர். கெட்டு அன்னைக்கு வீடியோவுல பேர் சொல்லச் சொன்னாங்க, ரெண்டு தடவை தப்பாச் சொன்னாங்க, இந்தப் பக்கத்துல சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவங்க அந்தப் பேரைச் சொல்றதையே விட்டுட்டாங்க. "மக்களே"ன்னு மட்டும் கூப்பிடுவாங்க. எங்க ஊர்ல எல்லாப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுறது. பேரனுக்கு ஐந்து வயசு. பேரன் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாத பாட்டி. இதுக்கு எந்தக் கிரகம் பரிகாரம்?

அதனால, பேர் தேடுறவங்களுக்கு என் பங்குக்கு மூணு நிபந்தனை. ஒண்ணு, வீட்டுல இருக்கிற மூத்தவங்க பல் விழுந்த வாயாலயும் அதைச் சொல்லிக் கூப்பிடணும். ரெண்டு, "எனக்கு ஏன் இந்தப் பேர்?"னு பிள்ளை பத்து வயசுல கேட்டா, ஒரு ஆளைப் பத்தியோ ஊரைப் பத்தியோ சாமியைப் பத்தியோ சொல்ல உங்ககிட்ட உண்மையான ஒரு கதை இருக்கணும். மூணு, அர்த்தம் எழுதியிருந்தா அகராதியில ஒரு தடவை சரிபார்த்துடுங்க, கூச்சலை அமைதின்னு நம்பி ஏமாறாதீங்க. இந்த மூணும் பொருந்தினா அது தமிழா வடமொழியா, கூட்டுத்தொகை எட்டா ஒன்பதாங்கிறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை.

இங்கே ஆஸ்பத்திரியில வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே பிறப்புப் பதிவுப் படிவத்தை நீட்டுவாங்க. அவசரப்படுத்துவாங்க. நிரப்புறதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன் போடுங்க. நேரம் பார்க்க வேண்டாம், அங்கே நடுராத்திரியா இருந்தாலும் பரவாயில்லை, அம்மாவை எழுப்புங்க. நீங்க யோசிச்சு வெச்சிருக்கிற பேரை ஒரு தடவை கூப்பிடச் சொல்லிக் கேளுங்க. அவங்க தடுமாறினா, அவங்களோட அப்பா அம்மா பேர் என்னன்னு கேளுங்க. உங்கள்ல பல பேருக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.